பேரவை வழங்கிய பட்ஜ்

கொழும்பில் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில், வீட்டு முன்னறையில் மேசை போட்டு, பேர்ணடெற் இருபத்தொன்பது வருடங்களாக மொழிபெயர்ப்பு வேலை செய்துவந்தாள். வெளிநாடு போகிறவர்களுக்குப் பிறப்புப் பத்திரமும் விவாகப் பத்திரமும் ஆங்கிலத்தில் வேண்டும். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கையெழுத்து வைத்தால்தான் அவை செல்லும். பேர்ணடெற்றின் கையெழுத்தோடு போன பத்திரம் திரும்பி வந்ததில்லை என்று கொட்டாஞ்சேனையில் சொல்வார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்படியொன்று திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் புவாத். பேலியகொடையில் மொத்த மீன் வியாபாரம் செய்பவர். மகள் ஸும்றாவுக்கு மலேசியாவில் படிக்க இடம் கிடைத்திருந்தது.

"மிஸ், பேப்பர எடுக்கல்ல. பட்ஜ் நம்பர் இல்லியாம்."

"என்ன பட்ஜ்?"

"அத நீங்கதானே சொல்லணும். ஒங்கட சங்கம் அனுப்பின லெட்டர கவுண்டர்ல ஒட்டி வெச்சிருக்காங்க."

புவாத் அந்தக் கடிதத்தைப் போனில் படமெடுத்து வந்திருந்தார். கொழும்புத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேரவை, விசா விண்ணப்பங்களைப் பொறுப்பெடுக்கும் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம். பேரவையின் டிஜிற்றல் பட்ஜ், அதாவது அங்கீகாரச் சின்னம், உள்ளவர்களின் மொழிபெயர்ப்பை மட்டும் ஏற்குமாறு கேட்டிருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேரவையின் கடிதங்கள் எப்போதும் போல, இதுவும் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே தலைவர் சிவபாதசுந்தரத்தின் கையெழுத்து.

சிவபாதசுந்தரம் வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒரு வீதியில், ஏழாம் மாடியில் இருப்பவர். அரச திணைக்களம் ஒன்றில் பிரதம மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரதம மொழிபெயர்ப்பாளர்கள் மொழிபெயர்ப்பதில்லை. மற்றவர்கள் மொழிபெயர்த்ததன் கீழ் கையெழுத்து வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் கை நன்றாகத் தேறி, பதினொரு வருடமாகப் பேரவையின் தலைவராக இருந்தார். ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் இளைஞருக்கு வழிவிட வேண்டும் என்று அரைமணி நேரம் பேசுவார். பிறகு ஏகமனதாகத் தெரிவாவார்.

இந்த முறை இளைஞருக்கு ஓரளவு வழிவிட்டிருந்தார். லவன் என்ற முப்பத்திரண்டு வயதுக்காரனைச் செயலாளராக்கியிருந்தார். பட்ஜ் லவனுடைய யோசனை. பேர்ணடெற் அவனுக்கே போன் எடுத்தாள்.

"அன்ரி, நீங்கள் போர்ட்டலில ரெஜிஸ்டர் பண்ணேல்லை. அதுதான் உங்களைச் செயலற்றவர் எண்டு காட்டுது."

பேர்ணடெற்றின் மேசையில் அப்போது பதினேழு பத்திரங்கள் கிடந்தன.

"நான் செயலற்றவளா?"

"சிஸ்டத்தில, அன்ரி. நீங்கள் முப்பது புள்ளி எடுத்தா வெண்கலம் தருவம். சூம் செமினார் ஒண்டுக்குப் பத்து. பேஸ்புக்கில ஷெயார் பண்ணினா அஞ்சு. விழாவுக்கு வந்தா இருபது. கொமிற்றி ஆக்களுக்கு நேரா பிளாட்டினம்."

"மொழிபெயர்த்தா எத்தனை?"

"அதுக்குப் புள்ளி இல்லை அன்ரி. அதை வெரிஃபை பண்ண ஏலாது."

புவாத்தின் மகள் காத்திருக்கிறாள் என்பதற்காக, அந்த வாரமே பேர்ணடெற் மூன்று சூம் கருத்தரங்குகளில் உட்கார்ந்தாள். முதலாவது, தன்னைத்தானே சந்தைப்படுத்துவது எப்படி என்பது பற்றியது. இரண்டாவது, வாடிக்கையாளரிடம் புன்னகைப்பது பற்றியது. அதில் பேசியவருடைய கமரா வேலை செய்யவில்லை. மூன்றாவதில், ஒரு வரியும் மொழிபெயர்த்தறியாத ஒரு கெட்டிக்காரர், கணினி வந்துவிட்டதால் இனி மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்பதைப் படங்களோடு விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த மற்ற நாற்பத்தாறு மொழிபெயர்ப்பாளர்களும் கைதட்டும் குறியை அழுத்தினார்கள். பேர்ணடெற்றுக்கு அந்தக் குறி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அழுத்தியிருப்பாள்; புள்ளி போய்விடும் என்ற பயம் இருந்தது.

வெள்ளி காலை பட்ஜ் போனுக்கு வந்தது. செப்பு நிறத்தில் ஒரு வட்டம், நடுவில் இறகுப் பேனா, அதைச் சுற்றி மூன்று மொழிகளில் மூன்று வரிகள், அடியில் அவளுடைய பெயரும் இலக்கமும். ஆங்கிலத்தில் "மெம்பர் இன் குட் ஸ்ராண்டிங்" என்று இருந்தது. சந்தா கட்டி, ஒழுங்கு தவறாமல் இருக்கும் உறுப்பினர் என்பது அதன் பொருள். தொழிற்சங்கங்கள் எல்லாவற்றிலும் உள்ள வழமையான சொற்றொடர்தான். தமிழ் வரியை அவள் இரண்டு விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

நன்றாக நிற்கும் உறுப்பு.

அதற்குக் கீழே, தெளிவான எழுத்தில், திருமதி பேர்ணடெற்.

ஏதோ ஒரு கணினி, ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றித் தந்திருக்கிறது. பட்ஜ் செய்த கொம்பனிக்குத் தமிழ் தெரியாது. வாங்கிய பேரவைக்குத் தமிழ் தெரியும் என்று அவர்கள் நம்பியிருப்பார்கள்.

அவளுடைய கணவன் றேமண்ட் துறைமுகத்தில் கிறேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் போனை வாங்கி வாசித்தான். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமி, தண்ணீர் கேட்டான்.

"பேர்ணி, இத ஃபிறேம் பண்ணி முன்னுக்கு மாட்டினா, வீடு மந்திரிக்க வாற பாதருக்கு என்ன சொல்றது?"

"சிரிக்காதீங்க. இது என்ட பேர்."

"அதுதான் சிரிக்கிறன்."

அவள் பேஸ்புக்கைத் திறந்தாள். தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் பட்ஜை ஏற்கெனவே போட்டிருந்தார்கள். வெண்கல உறுப்புகள், வெள்ளி உறுப்புகள், பிளாட்டின உறுப்புகள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள், பாராளுமன்ற மொழிபெயர்ப்பாளர்கள், பாடநூல் மொழிபெயர்ப்பாளர்கள். எல்லோரும் சத்தியம் செய்தவர்கள். "பெருமையாக உணர்கிறேன்" என்று ஒரு ஆசிரியை எழுதியிருந்தாள். ஒவ்வொன்றின் கீழும் வாழ்த்துகள் குவிந்திருந்தன. ஒருவரும் தமிழ் வரியை வாசித்திருக்கவில்லை.

பேர்ணடெற் தலைவருக்குப் போன் எடுத்தாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண், எழுபத்துநான்கு வயதுப் பெரிய மனிதரிடம் இதை எந்தச் சொற்களில் சொல்வது? இருபத்தொன்பது வருடத் தொழில் அனுபவமும் அந்த இடத்தில் உதவவில்லை.

"சேர், பட்ஜில தமிழ் பிழையா இருக்கு."

"என்ன பிழை?"

"இலக்கணம் மாதிரி, சேர். உறுப்பினர் எண்டு வரவேணும். உறுப்பு எண்டு இருக்கு."

"வட்டத்துக்குள்ள இடம் காணாது பேர்ணடெற். சுருக்கித்தான் போடுவினம்."

"நிற்கும் எண்டதும் சரியில்ல சேர்."

"ஏன் சரியில்லை? பேரவை முப்பது வருசமா நிக்குதுதானே."

"சேர், ரெண்டையும் சேர்த்து ஒருக்கா வாசிச்சுப் பாருங்க."

"நான் ஆங்கிலத்தைப் பார்த்தனான். ஆங்கிலம் சரி. ஆங்கிலம் சரியெண்டா மற்றது சரியாத்தான் இருக்கும்."

போன் வைத்த பிறகு றேமண்ட், "சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"சொன்னன்," என்றாள். ஆனால் சொன்னதாக அவளுக்கே தோன்றவில்லை.

ஸும்றாவின் பத்திரத்தில் பட்ஜை ஒட்டாமல் இலக்கத்தை மட்டும் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். கவுண்டரில் இலக்கத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். அதற்குமேல் எவரும் எதையும் சரிபார்க்கவில்லை.

பேரவையின் ஆண்டு விழா அடுத்த ஞாயிறு காலை வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பட்ஜின் உத்தியோகபூர்வ அறிமுகமும் அன்றுதான். பேர்ணடெற் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். திருத்திய வரியை ஒரு துண்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். வாசலில் லவனைப் பிடித்து அதை நீட்டினாள். அவன் காதில் ஒரு கருவி, கையில் இரண்டு போன்.

"அன்ரி, ஃபைலை லொக் பண்ணியாச்சு. விழா முடியட்டும், பார்ப்பம்."

"வாசிச்சிட்டு லொக் பண்ணினீங்களா தம்பி?"

"கொம்பனி வாசிச்சிருக்கும் அன்ரி."

பிரதம விருந்தினர் ஓய்வு பெற்ற தமிழ் நீதிபதி ஒருவர். எந்த ஆவணத்தையும் கடைசி வரி வரை வாசித்த பிறகே பேசுவார் என்று பெயர் எடுத்தவர். அவரை மேடை நடுவில் இருத்தியிருந்தார்கள். பக்கத்தில் சிவபாதசுந்தரம், பட்டு வேட்டி, சந்தனம், கழுத்தில் மாலை. பின்னால் திருமண வரவேற்புகளில் மாப்பிள்ளை பெண்ணின் படம் ஓடும் பெரிய திரை. விளக்குகள் அணைந்தன. சங்கொலி ஒன்று ஒலிபெருக்கியில் எழுந்தது. திரையில் பட்ஜ் சுழன்று சுழன்று வந்து, பத்தடி உயரத்தில் நின்றது.

லவன் மூன்று மொழிகளிலும் அறிவித்தான். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முடித்துவிட்டு, தமிழுக்கு வந்தபோது குரலைச் சற்று உயர்த்தினான். திரையில் இருந்ததையே வாசித்தான்.

"எங்கள் பேரவையின் முதலாவது நன்றாக நிற்கும் உறுப்பு, தலைவர் சிவபாதசுந்தரம் அவர்கள்."

மண்டபம் கைதட்டியது. நூற்றிருபது மொழிபெயர்ப்பாளர்கள் கைதட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. தமிழில் சொல்லப்படுவது ஏற்கெனவே ஆங்கிலத்தில் சொல்லப்பட்டதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேட்டது ஒரே ஒருத்தி. உணவு ஏற்பாடு செய்தவர்களோடு தேநீர் பரிமாற வந்திருந்த பாக்கியலெட்சுமி. நாற்பது வயதுக்காரி, மலையகத்தில் ஹட்டன் பக்கம். தட்டோடு பின்வரிசையில் நின்றவள் திரையைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், பிறகு அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வெளியே வந்துவிட்டது. தட்டில் கோப்பைகள் கிலுகிலுவென்று ஆடின. அந்தச் சத்தத்தில் பின்வரிசை திரும்பிப் பார்த்தது. அவள் பார்த்த இடத்தை அவர்களும் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரவையின் தமிழை வாசித்தார்கள்.

சிரிப்பு பின்னிருந்து முன்னுக்கு வரிசை வரிசையாக வந்தது. நீதிபதி கண்ணாடியைப் போட்டு, திரும்பி, கடைசி வரி வரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தார். அவருடைய தோள்கள் குலுங்கின.

சிவபாதசுந்தரம் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார். எழுந்து நின்று, பத்தடி உயர வரிக்கு நேர் கீழே, இரண்டு கைகளையும் உயர்த்திக் கும்பிட்டார். பிறகு இருபத்தைந்து நிமிடம் பேசினார். தொழிலின் கண்ணியம் பற்றி.

யாரோ அதை வீடியோ எடுத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அது இரத்மலானைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்விட்டது. பின்னேரம் கனடாவில் விடிந்ததும் அங்கேயும் பார்த்தார்கள். "இந்த வயதிலும், வாழ்த்துகள் ஐயா" என்று ஸ்காபரோவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நானூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். பேஸ்புக்கில் இருந்த பட்ஜ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பெருமையாக உணர்ந்த ஆசிரியை தன் கணக்கையே மூடிவிட்டாள்.

புதன்கிழமை பின்னேரம் ஏழாம் மாடியில் அவசரக் கூட்டம். நிர்வாகக் குழுவின் பன்னிரண்டு பேர். பேர்ணடெற் குழுவில் இல்லை. அவளை விளக்கம் கேட்க அழைத்திருந்தார்கள். தலைவரின் மனைவி கேக்கும் வடையும் வைத்துவிட்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த வரியைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டது யார் என்பதல்லவா என்று பேர்ணடெற் நினைத்திருந்தாள். நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக இருந்தது, சிரித்தது யார் என்பது.

"கேற்றரிங் பெண் எண்டு தெரிஞ்சிட்டுது," என்றான் லவன். "அவளை நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் ரெடி."

"அடுத்தது," என்றார் சிவபாதசுந்தரம். மூன்று நாளில் அவர் முகம் சுருங்கியிருந்தது. பேர்ணடெற்றின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முதலே தெரியும்."

"ஓம் சேர். போன் எடுத்துச் சொன்னனே."

"இலக்கணம் எண்டுதான் சொன்னீங்கள். விசயத்தைச் சொல்லேல்லை."

அது உண்மைதான். "அது என்ட பிழை சேர்," என்றாள். "வெக்கத்தில சொல்லாம விட்டன். ஆனா அந்தப் பொம்பிளைய வேலையால நிப்பாட்ட வேணாம். அவ்வளவு பெரிய மண்டபத்தில தமிழைக் காது குடுத்துக் கேட்டது அவள் ஒருத்திதான். பிளாட்டினம் அவளுக்குத்தான் குடுக்கவேணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரிப்பின் மேல் எல்லோருக்கும் பயம் இருந்தது. பொருளாளர் ஸ்ரான்லி வடை ஒன்றை எடுத்து, கடிக்காமல் திரும்ப வைத்தார். கடிதத்தைக் கொஞ்ச நாள் வைத்திருப்போம் என்றார்.

பிறகு வரியைத் திருத்துவதற்கு வந்தார்கள். பேர்ணடெற் அதே துண்டைக் கொடுத்தாள். நன்னிலை உறுப்பினர். இரண்டு சொல். வட்டத்துக்குள் தாராளமாக அடங்கும்.

"உறுப்பினர் எண்டாலும் உறுப்பு வருதே," என்றார் ஒருவர்.

"அப்ப அங்கத்தவர் எண்டு போடுவம்," என்றார் இன்னொருவர்.

"அங்கமும் உறுப்புத்தானே."

"நிலை?"

"நிலை எண்டா நிக்கிறதுதானே. சனம் திரும்பவும் பிடிச்சிடும்."

இப்படி ஒன்றரை மணி நேரம் போனது. தமிழில் உள்ள எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதற்குள் யாரோ ஒளிந்திருந்து சிரிப்பது போல அவர்களுக்கு இருந்தது. கடைசியில் ஸ்ரான்லிதான் வழி சொன்னார்: தமிழ் வரியை எடுத்துவிடலாம்.

"சிங்களமும் இங்கிலிஷும் இருந்தாக் காணும்," என்றார். "எங்கட ஆக்களுக்கு இங்கிலிஷ் விளங்கும்."

"சிங்களம் சரியா எண்டு பாத்தீங்களா?" என்று பேர்ணடெற் கேட்டாள்.

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடையில் சாமான் வாங்க, பொலிசில் கதைக்க எல்லோருக்கும் சிங்களம் தெரியும். அந்த வரியை வாசித்தவர் யாரும் இல்லை.

"அதைப் பற்றி இதுவரை முறைப்பாடு வரேல்லை," என்றான் லவன்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேரவையின் பட்ஜிலிருந்து தமிழை நீக்குவதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. தமிழ் பேரவையின் இதயத்தில் எப்போதும் இருக்கும் என்று சிவபாதசுந்தரம் அறிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். லவன் அதை ஆங்கிலத்தில் எழுதினான்.

பேர்ணடெற் வீட்டுக்கு வந்து, நாலு வரியில், தமிழில், பேரவையிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதிப் போர்ட்டலில் ஏற்றினாள். மறுநாள் தானியங்கிப் பதில் வந்தது: ஆங்கிலம் அல்லாத ஆவணங்களோடு, பட்ஜ் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உறுதிப்படுத்திய ஆங்கிலப் பிரதி இணைக்கப்பட வேண்டும். அவள் அதற்குப் பதில் போடவில்லை. இரண்டு கிழமையில் விசா நிறுவனம் கவுண்டரில் ஒட்டியிருந்த கடிதத்தைக் கழற்றியது. வீடியோ அவர்களுடைய மேலதிகாரிகளுக்கும் போயிருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து, ஒரு பின்னேரம், ஒழுங்கை முகப்பில் கார் ஒன்று நின்றது. சிவபாதசுந்தரம் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கி வந்தார். முன்னறையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர் நாலாவதாக உட்கார்ந்தார். முறை வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்பேணில் உள்ள மகள் அவரையும் மனைவியையும் கூப்பிடுகிறாள். அவருடைய பிறப்புப் பத்திரம் ஆங்கிலத்தில் வேண்டும். தன் பத்திரத்தைத் தானே உறுதிப்படுத்தக் கூடாது. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்றில், யாழ்ப்பாணம் வலிகாமத்துப் பதிவாளர் ஒருவர் மைப்பேனாவால் கொக்கி கொக்கியாக எழுதிய பத்திரம்.

"ரெண்டு பேரிட்டைக் குடுத்துப் பார்த்தனான்," என்றார். எந்த இரண்டு பேர் என்று சொல்லவில்லை. அவர்களுடைய பிரதிகளையும் கோப்பிலிருந்து எடுத்து வைத்தார். இரண்டிலும் பிளாட்டின இலக்கம் இருந்தது. தகப்பனின் தொழில் என்ற இடத்தில், ஒருவர் வாசிக்க முடியவில்லை என்று போட்டிருந்தார். மற்றவர் கிராமம் என்று போட்டிருந்தார்.

பேர்ணடெற் பத்திரத்தை விளக்கின் கீழ் பிடித்தாள். "கமம்," என்றாள். "கமம் செய்யிறவர். ஃபார்மர்."

சிவபாதசுந்தரம் தொண்டையைச் செருமினார். "லாண்டட் புரொப்ரைட்டர் எண்டு போடலாம்தானே. எங்களுக்குக் காணி இருந்தது."

"கமம் எண்டுதான் எழுதியிருக்கு சேர்."

"அப்பர் சேட்டுப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போவார்."

"சேட்டைப் பற்றிப் பத்திரத்தில ஒண்டும் இல்ல."

அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்து, காத்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பட்ஜ் இலக்கம் உண்டா என்று கேட்கவில்லை. நாளைக்கு வரலாமா என்று மட்டும் கேட்டார். வரலாம் என்றாள்.

மறுநாள் வந்து, பிரதியைக் கையில் வாங்கி, நின்றபடியே வாசித்தார். தமிழை ஒரு வரி, ஆங்கிலத்தை ஒரு வரி, விரல் வைத்து, உதடு அசைய, கடைசிவரை. தகப்பனின் தொழிலுக்கு வந்தபோது விரல் அங்கேயே நின்றது.

"பேர்ணடெற், இந்த ஃபார்மர் எண்டதை எண்டாலும் பெரிய எழுத்தில தொடங்கேலாதோ?"

"அது பெரிய எழுத்திலதான் தொடங்கியிருக்கு சேர்," என்றாள் பேர்ணடெற், அடுத்தவரின் பத்திரத்துக்குக் கை நீட்டியபடி.